காயலான் கடை மைக்ரோமீட்டரை நம்பலாமா?



சிப்காட்டில் லேத் ஓட்டும் நம் மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், காயலான் கடையில் பழைய மைக்ரோமீட்டர் ஒன்று வந்திருக்கு. பேர்பெற்ற கம்பெனி. வாங்கலாமா?" இதே கேள்வி பலருக்கும் இருக்கும் என்பதால் பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் வரலாறும் சேர்ந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் உள்ள நம் சிப்காட், ரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் பேர்போனது. ரசாயனம் என்றால் பம்பு. பம்பு என்றால் ஷாஃப்ட், ஸ்லீவ், பேரிங். 25 மி.மீ. ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்துக்கு வரைபடத்தில் கே6 என்று போட்டிருந்தால், அளவு 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் நிற்க வேண்டும். டர்னருக்குக் கிடைக்கும் இடம் மொத்தமே 0.013 மி.மீ. அது தவறினால் பேரிங் சூடாகும், சீல் கசியும். உள்ளே ஓடுவது வெறும் தண்ணீர் அல்ல. ஷாஃப்ட் திரும்பி வந்தால் பழி மைக்ரோமீட்டர் மேல் விழாது, பையன் மேல்தான் விழும்.

ஓர் அளவை எதை வைத்து நம்புவது? இது நம் மண்ணில் பழைய கேள்வி. சோழர் காலத்தில் நிலத்தைக் கோல் கொண்டு அளந்தார்கள். ஊருக்கு ஊர் கோலின் நீளம் மாறியது. அதனால் கோலின் நீளத்தைக் கோயில் கல்லிலேயே வெட்டி வைத்த ஊர்களும் உண்டு. கையில் உள்ள கோல் தேயலாம், வளையலாம். கல்லில் உள்ள அளவு எல்லோருக்கும் பொது.

பிற்காலத்தில் கருவிகள் நுணுக்கமாகின. பிரெஞ்சுக்காரரான பியர் வெர்னியர் 1631-ல் தன் அளவுகோலை வெளியிட்டார். பாரிஸில் ழான் பால்மர் 1848-ல் திருகு மைக்ரோமீட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். 1867 பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்த அமெரிக்காவின் பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனியார், அதை ஒர்க்‌ஷாப் கருவியாக ஆக்கினார்கள். ஸ்டாரெட் 1880-ல் அமெரிக்காவிலும், மிட்டுடோயோ 1934-ல் ஜப்பானிலும் தொடங்கின.

ஆனால் கருவி நுணுக்கமானதும் அதைச் சரிபார்க்கும் "கோயில் கல்"லும் நுணுக்கமாக வேண்டுமே! அதைச் செய்தவர் சுவீடன் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் ஜோஹன்சன். 1896-ல் அவர் போட்ட கணக்கு இது: 102 எஃகுக் கட்டைகள் இருந்தால், அவற்றைச் சேர்த்துச் சேர்த்து 20,000 அளவுகளை உண்டாக்கலாம். நாம் ஸ்லிப் கேஜ் என்று சொல்வது அதன் வழிவந்ததுதான். எந்தச் சூட்டில் அளப்பது என்பதற்கும் 1931-ல் 20 டிகிரி செல்சியஸ் என்று உலகப் பொது முடிவு வந்தது.

இனி பழைய மைக்ரோமீட்டருக்கு வருகிறேன்.

முதலில், அது இஞ்சா, மில்லிமீட்டரா பாருங்கள். நம் நாடு 1958-ல்தான் மெட்ரிக் எடைகளுக்கும் அளவுகளுக்கும் மாறத் தொடங்கியது. பழைய சாமான்களில் இஞ்ச் கருவிகள் இன்னும் வருகின்றன. அதில் ஒரு கோடு 0.0254 மி.மீ. மேலே சொன்ன ஷாஃப்டின் மொத்த இடத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! அந்த வேலைக்கு அது ஆகாது. மில்லிமீட்டர் கருவியில் ஒரு கோடு 0.01. அதுகூட அந்த வேலைக்கு மட்டுமட்டுதான். இரண்டு கோடுகளுக்கு நடுவிலும் கண்ணால் கணிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, இரண்டு முகங்களையும் துடைத்து, ராட்செட்டால் மூடி, ஜீரோ பாருங்கள். ஜீரோ சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒரே அளவை ஆண்டுக்கணக்கில் அளந்த கருவியில் திருகு அந்த இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கும். ஸ்லிப் கேஜ் கொண்டு நாலைந்து இடங்களில் பார்க்க வேண்டும்.

ஸ்லிப் கேஜுக்கு வழியில்லையா? நல்ல கம்பெனியின் புது 608 பேரிங் ஒன்று வாங்குங்கள். அதன் வெளிவிட்டம் 22 மி.மீ.; சாதாரண ரகத்திலேயே 0.009-க்கு மேல் குறையாது. அங்கே 21.97 என்று காட்டினால் கருவியை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்றாவது, சூடு. 100 மி.மீ. எஃகு, 30 டிகிரி சூடேறினால் சுமார் 0.035 மி.மீ. வளரும். லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தால் எந்தக் கம்பெனிக் கருவியும் உங்களைக் காப்பாற்றாது.

இதெல்லாம் கடையிலேயே கழித்துக்கட்டும் சோதனை. தேறிய கருவியை அங்கீகாரம் பெற்ற கேலிப்ரேஷன் லேபில் ஒருமுறை கொடுத்துச் சான்று வாங்குங்கள். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அளவு வரை அந்தச் சங்கிலி போகும்.

ஆக, தம்பி, தாராளமாக வாங்கு. பழையது என்பது குறையல்ல. பேர்பெற்ற கம்பெனி என்பது உத்தரவாதமும் அல்ல. ஒப்பிட்டுப் பார்த்த கருவிதான் நல்ல கருவி.