தர்கா வாசலில் மனநல மருத்துவம்: ஏர்வாடி முன்வைக்கும் கேள்வி

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் மனநோய் தீர வேண்டி மக்கள் நாடிவரும் தர்கா உள்ள இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. உள்ளே காலில் சங்கிலியோடு மனநோயாளிகள். 28 பேர் மாண்டனர். மூடநம்பிக்கையின் பலி என்று அதைச் சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் எரிந்தது தர்கா அன்று. தர்காவுக்கு வருவோரை நம்பித் தனியார் கட்டணம் வாங்கி நடத்திய காப்பகம். 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியிருந்தும் அங்கிருந்த காப்பகங்கள் உரிமமின்றியே நடந்தன. குற்றம் பக்தியினுடையது என்பதைவிடக் கண்காணிப்பில்லாத வணிகத்தினுடையது என்பதே சரி.

அப்படியானால் வழிபாட்டிடம் நோயாளிக்கு என்னதான் தருகிறது? மனநல மருத்துவர் ரகுராமும் அவருடைய குழுவினரும் தமிழகத்தின் முத்துசாமி கோயில் ஒன்றில் செய்த ஆய்வு 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. அங்கே தங்கியிருந்த 31 பேரை, அவர்கள் வந்த நாளிலும் புறப்படும்போதும் மனநல மருத்துவர்கள் சோதித்தனர். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. சராசரியாக ஆறு வாரம் தங்கியபின் நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. பேயோட்டுதல் போன்ற தனிச் சடங்கு எதுவும் அங்கில்லை. காலையில் பூசை, பிறகு இடத்தைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. துணைக்கு வீட்டார் ஒருவர். பைத்தியம் என்று விரட்டாத ஓரிடம், அவ்வளவுதான். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு இது. மாத்திரை வேண்டாம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் ஆய்வைச் சரியாகப் படிக்கவில்லை. உறவும் அன்றாட ஒழுங்கும் மருந்துக்குத் துணைநிற்கும் என்று மட்டுமே இதிலிருந்து கொள்ளலாம்.

ஏர்வாடியில் தர்கா விளக்கின் எண்ணெயும் ஓதிய நீரும் மருந்து. கனவில் ‘உத்தரவு’ வரும்வரை பலர் ஊர் திரும்புவதில்லை. உத்தரவுக்குக் காத்திருப்பவரிடம் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னால் நம்பிக்கையைக் கைவிடச் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார். குஜராத்தின் உனாவா தர்காவில் தொடங்கிப் பின்னர் ஏர்வாடிக்கும் வந்த ‘தவா-துவா’ திட்டம் இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கப் பார்க்கிறது: துவா (வேண்டுதல்) தர்காவில், தவா (மருந்து) பக்கத்திலேயே மனநல மருத்துவரிடம். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஓதுபவரை மருத்துவமனைக்கு ஆள் அனுப்புபவராக மட்டும் நடத்தினால், மக்கள் அவரிடம் வைத்த நம்பிக்கை கரையும். அதன்பின் அவர் சொல்லி யாரும் மருத்துவரிடம் போகமாட்டார்கள்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. வழிபாட்டிடத்துக்கும் அது பொருந்தும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. மற்றபடி மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்தக் கோயிலுக்கு, எந்தத் தர்காவுக்குப் போய்வந்தீர்கள் என்று முகம் சுளிக்காமல் கேளுங்கள், பதிலை நோயாளியின் குறிப்பேட்டில் எழுதுங்கள். மறைக்க வேண்டியதில்லை என்று தெரிந்தால்தான், அங்கே போய் மாத்திரையை நிறுத்தியதையும் அவர்கள் சொல்வார்கள்.