கோடம்பாக்கத்துக்கு முன்னால் கோயமுத்தூர்

பழைய படம் என்றால் எனக்கு உயிர். ஹாஸ்டல் நண்பர்கள் முதல் நாள் முதல் காட்சிக்கு ஓடும்போது, நான் பாகவதர் பாட்டைக் கேட்டுக்கொண்டு அறையில் கிடப்பேன். "பழைய பஞ்சாங்கம்" என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றுகிற மாதிரி, சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சினிமா நகரம் ஒன்றைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன். கணபதியில் டெக்ஸ்டூல் ஸ்டாப்பில் டவுன் பஸ் ஏறினேன். ஆம், நான் பார்க்கப் போன சினிமா நகரம் நம்ம கோயமுத்தூர்தான்!

முதலில் இறங்கிய இடம் டவுன்ஹால். பக்கத்தில் வெரைட்டி ஹால் ரோடு. நம்மில் எத்தனையோ பேர் அந்த வழியாக ரயிலுக்கு ஓடியிருப்போம். பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்க மாட்டோம். கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்தவர். 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் சொந்த ஊரில் 'வெரைட்டி ஹால்' என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். தென்னிந்தியாவின் மிகப் பழைய தியேட்டர்களில் அது ஒன்று. பிற்காலத்தில் அதுவே டிலைட் தியேட்டர் ஆனது. இப்போது அங்கே படம் ஓடுவதில்லை. கொட்டகையின் பெயரைத் தெருதான் சுமந்துகொண்டிருக்கிறது.

இஞ்சினியர்களான நமக்குப் பிடித்த விஷயம் ஒன்று சொல்கிறேன். வின்சென்ட்டுக்குப் படம் மட்டும் போதவில்லை. மின்சாரத்தில் இயங்கும் அச்சகத்தையும் நடத்தினார். சினிமாவும் மெஷினும் இந்த ஊருக்குள் ஒன்றாகவே நுழைந்தன என்று இதை வைத்துச் சொல்லலாம்.

அடுத்து திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர். 1930களின் நடுவில் இங்கே சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும், நீலகிரி மின்சாரம் கீழே இறங்கி வந்தது. மில்கள் பெருகின. மில் பெருகிய இடத்தில் பணம், லேத், ஃபவுண்டரி, பழுது பார்க்கத் தெரிந்த ஆட்கள் எல்லாம் சேர்ந்தன. ஸ்டூடியோவுக்கு வேறென்ன வேண்டும்? பி.ரங்கசாமி நாயுடு போன்ற மில் முதலாளிகள் முதல் போட்டார்கள். எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு போன்றவர்கள் படமெடுக்கும் கலையில் இறங்கினார்கள்.

அங்கே எடுத்த படங்களைச் சொன்னாலே போதும். 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' இங்கே எடுத்த படம்தான். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம்! ஜூபிடர் பிக்சர்ஸ் 1947இல் எடுத்த 'ராஜகுமாரி'யில்தான், 1936 முதல் சின்னச் சின்ன வேடங்களில் நடித்துவந்த எம்.ஜி.ஆர் முதன்முறையாகக் கதாநாயகன் ஆனார். டைரக்டர் ஏ.எஸ்.ஏ.சாமி. வசனத்துக்கு உதவி என்ற வரியில் வந்த பெயர் மு.கருணாநிதி. பின்னாளில் தமிழ்நாட்டை ஆண்ட இருவர் சிங்காநல்லூரில் ஒரே படத்துக்கு வேலை பார்த்திருக்கிறார்கள். எம்.எஸ்.விஸ்வநாதன் அப்போது அதே ஜூபிடரில் எடுபிடிப் பையன். எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் ஆர்மோனியம் அவருக்குப் பள்ளிக்கூடம். கண்ணதாசனின் முதல் திரைப்பாட்டும் ஜூபிடரின் 'கன்னியின் காதலி'யில் (1949) வந்ததுதான்.

டீக்கடையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "ஏனுங்க, சென்ட்ரல் ஸ்டூடியோ எங்கீங்க இருந்துச்சு?"

"அது எந்தக் காலமுங்க தம்பி! எங்கப்பாரு சொல்லுவாரு. மில்லுல ஷிப்ட்டு முடிஞ்சு வர்ற சனம் நேரா ஊட்டுக்குப் போகாம ஸ்டூடியோ கேட்டுல நிக்குமாமுங்க, யாராச்சும் நடிகருங்க வர்றாங்களான்னு" என்றார். சங்கு ஊதியதும் கேட்டை நோக்கி நடக்கும் கூட்டத்தை அன்று மாலை வரை நான் மனசுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பும் வழியில் புலியகுளம். சென்ட்ரலிலிருந்து பிரிந்த ஸ்ரீராமுலு நாயுடு, 1945இல் இங்கே இருந்த கந்தன் ஸ்டூடியோவை வாங்கிப் பட்சிராஜா ஸ்டூடியோ ஆக்கினார். விக்டர் ஹியூகோவின் பிரெஞ்சு நாவல் 1950இல் 'ஏழை படும் பாடு' ஆனது இங்கேதான். நாமக்கல் கவிஞர் எழுதிய 'மலைக்கள்ளன்' 1954இல் எம்.ஜி.ஆர், பானுமதி நடிப்பில் படமாகி, ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. அதே கதை தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று ஐந்து மொழிகளுக்குப் போனது. இந்தியில் 'ஆசாத்' (1955). ஸ்ரீராமுலு நாயுடுவே டைரக்ட் செய்தார். அதில் நடிக்க திலீப்குமாரும் மீனாகுமாரியும் பம்பாயிலிருந்து கோயமுத்தூர் வந்தார்கள்! இன்று நாம் வாய்ப்புத் தேடி வெளியூர் போகிறோம். அன்று பம்பாய் நட்சத்திரங்கள் நம்மூருக்கு ரயில் ஏறினார்கள்.

பிறகு ஏன் எல்லாம் போயிற்று? பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஏவி.எம் காரைக்குடியிலிருந்து 1948இல் கோடம்பாக்கம் போனது. லேபரட்டரி, விநியோகஸ்தர், நடிகர்கள் எல்லாம் சென்னையில் குவிந்தார்கள். ஜூபிடரும் சென்னைக்குப் போய் அடையாறு நெப்டியூன் ஸ்டூடியோவில் படமெடுத்தது. அதே நெப்டியூன்தான் பின்னால் எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டூடியோ ஆனது. தொழில் போன திசையில் தொழிலாளியும் போனான். சிலர் இங்கேயே தங்கி மில்லிலும் பட்டறையிலும் சேர்ந்தார்கள்.

ஒருநாள் சேலத்துக்கும் போனேன். திருச்செங்கோட்டு டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர், நம்ம ஜாதி! அதாவது இஞ்சினியர் ஜாதி. 1935இல் அவர் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இரண்டும் அங்கே பிறந்தவை. ஏற்காடு ரோட்டில் அந்த ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது. போகிறவர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கோயமுத்தூரில் நின்று போட்டோ எடுக்க நமக்கு என்ன இருக்கிறது? ஒரு தெருப் பெயர்.

கட்டடம் போனால் போகட்டும், மனுஷர்கள் இருக்கிறார்களே! அந்த ஸ்டூடியோக்களில் செட் அடித்த ஆசாரி, லைட் பிடித்த எலெக்ட்ரீஷியன், துணி தைத்த டெய்லர் இவர்களுடைய பிள்ளைகளுக்கே இப்போது எழுபது, எண்பது வயது. அவர்கள் போன பிறகு கேட்க ஆள் இருக்காது. டைட்டிலில் பெயர் வராத அந்த ஆட்களைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் தேட முடியாது.

ஆகவே, மூத்த அண்ணன்மார்களுக்கும் இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் ஸ்டூடியோ பாஸ், சம்பளச் சீட்டு, குரூப் போட்டோ ஏதாவது கிடந்தால் குப்பைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் பெயரும் ஆண்டும் பென்சிலில் எழுதுங்கள். தாத்தா, அப்பத்தா பேசுவதை செல்போனில் ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது கையோடு கொண்டு வாருங்கள். வைப்பதற்கு நம் சங்கத்தில் ஒரு பீரோ கிடைக்காதா என்ன?