பூட்டிக்கு இரண்டு பெயர்

எங்கள் சங்கத்தின் பழைய அங்கத்தவர் ஏட்டில், கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் வந்த தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு ஹரியற், எலைசா என்ற பெயர்கள் இருக்கின்றன. விசாரித்தால், "அது பூட்டியின் பெயர்" என்பார்கள். பூட்டிக்கு அது எப்படி வந்தது?

கதை யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. 1824இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ அம்மையார் (அகராதி செய்த வின்சிலோவின் மனைவி என்றால் உடனே விளங்கும்) உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். முந்திய ஆண்டில்தான் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்குச் செமினரி தொடங்கியிருந்தது. அங்கே படித்துக் கிறிஸ்தவரான வாலிபருக்குப் படித்த கிறிஸ்தவ மனைவியர் வேண்டும். மிசனரிமார் இந்த நோக்கத்தை மறைக்கவுமில்லை. சாப்பாடு, உடுப்பு, தங்குமிடம் எல்லாம் இலவசம். கிறிஸ்தவரை மணக்கும் பிள்ளைக்குச் சீதனமும் மிசனே கொடுத்தது. சீதனமில்லாத பெண்ணின் நிலை தெரிந்த ஊரில் அது சின்ன விஷயமல்ல.

செலவுக்குப் பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஒரு பிள்ளையைத் தாங்குபவர் அந்தப் பிள்ளைக்குப் பெயரும் வைக்கலாம். ஆண்களுக்கும் இதே வழக்கம்தான். பாவலர் சரித்திர தீபகம் எழுதிய சதாசிவம்பிள்ளை 'ஆர்ணல்ட்' ஆனது அப்படியே. அவருக்கு இரண்டு பெயரும் நிலைத்தன. எங்கள் பூட்டிமாருக்கோ ஒன்றுதான் மிஞ்சியது. தாய் கூப்பிட்ட பெயர் என்னவென்று கேட்டால் எங்களில் பலருக்குத் தெரியாது. அதை நினைக்க மனம் நோகத்தான் செய்கிறது.

ஆனாலும் அந்த ஹரியற்மாரும் எலைசாமாரும் எழுத்தறிந்து வெளியே வந்தார்கள். 1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் 1879 வரை உடுவிலில் கற்பித்து, சொந்த நாடு திரும்பாமலே 1883இல் காலமானார். மனைவியர் வேண்டுமென்று தொடங்கிய இடத்திலிருந்து ஆசிரியைகள் வந்தார்கள். இதைச் சைவப் பெரியோரும் கவனித்தார்கள். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி அமைத்தார்.

கொழும்பில் 1866இல் மெதடிஸ்த மிசன் கொள்ளுப்பிட்டியிலும், 1869இல் நல்லாயன் கன்னியர் கொட்டாஞ்சேனையிலும் பெண்கல்வியைத் தொடங்கினர். வடக்கிலிருந்து உத்தியோகம் தேடி இங்கே வந்த குடும்பங்கள் இப்படியான பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கவில்லை. அம்மம்மாவே படித்தவள் அல்லவா!

நூற்றாண்டை ஒட்டி அங்கத்தவர் ஏட்டைப் புதிதாக எழுதுகிறோம். பூட்டியின் வீட்டுப் பெயர் தெரிந்த சகோதரிகள், ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ எங்கிருந்தாலும், அதை எழுதி அனுப்புங்கள். மிசன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நிரல் வெறுமையாக விட்டிருக்கிறோம்.