வழக்குப் பேசாதவருக்கு சட்டப் படிப்பு எதற்கு?



சட்டத்தரணி அல்லாதவர்கள் படிப்பதற்கென்றே சட்டத்தில் முதுமாணிப் பட்டங்கள் இருக்கின்றன. "கோட்டில் வழக்குப் பேச முடியாது என்றால் அந்தப் படிப்பு எதற்கு?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். வேறு யார் கேட்டாலும் இலங்கை முஸ்லிம்களாகிய நாம் கேட்கக் கூடாத கேள்வி இது. ஏன் என்பதை நம் வரலாறே சொல்கிறது.

1806இல் ஆங்கிலேயர் கொழும்பு மாகாண முஸ்லிம்களின் வாரிசுரிமை, விவாக வழக்கங்களை ஒரு சட்டக்கோவையாக்கினர். 1852இல் அது நாட்டின் ஏனைய பகுதிகளுக்கும் விரிவானது. 1929ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் 1937இல் நடைமுறைக்கு வந்ததோடு காதி முறை அமைந்தது. அதன் இடத்துக்கு வந்ததுதான் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம்.

அந்த 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். நல்லொழுக்கமும் அந்தஸ்தும் தகுந்த தகைமையும் உள்ள முஸ்லிம் ஆண் காதியாகலாம். அவர் சட்டத்தரணியாக இருக்க வேண்டியதில்லை. அவர் முன்னால் தரப்பினருக்காகச் சட்டத்தரணி தோன்றவும் முடியாது.

இதில் நன்மை உண்டு. சட்டத்தரணிக்குக் காசு கொடுக்க வழியில்லாத சகோதரியும் தானே போய் முறையிடலாம். ஆனால் மஹர், கைக்கூலி, தாபரிப்பு என்று தனக்குச் சேர வேண்டியதை அவரேதான் தெரிந்து கேட்க வேண்டும். கணவன் செலவுக்குக் கொடுக்காமல் கைவிட்டிருந்தால் அவர் பஸஹ் கேட்கலாம். அது தெரியாதவர், எப்படியாவது விடுதலை கிடைத்தால் போதும் என்று குலாவுக்குச் சம்மதித்து, வாங்கிய மஹரையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வரக்கூடும். தெரியாத ஒரு சொல்லுக்கு அவர் கொடுக்கும் விலை அது.

தீர்ப்புச் சொல்பவரும் சட்டத்தரணி அல்ல, பேசுபவரும் சட்டத்தரணி அல்ல என்ற மன்றத்தில், சாதாரண மனிதரின் சட்ட அறிவுதான் நீதிக்குத் துணை.

அமெரிக்காவில் நியூயோர்க் டைம்ஸ் நிருபராக இருந்த லிண்டா கிரீன்ஹவுஸ், யேல் பல்கலைக்கழகத்தில் இப்படியான முதுமாணிப் பட்டம் பெற்றவர். அவர் சட்டத்தரணி ஆகவில்லை. அந்நாட்டு உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் பொதுமக்களுக்கு விளங்க வைத்தார். அதற்காக 1998இல் புலிட்சர் பரிசும் பெற்றார்.

நமக்கும் அப்படிப்பட்டவர்கள் வேண்டும். காதிமார், விவாகப் பதிவாளர்கள், மௌலவிமார், ஆசிரியர்கள், பள்ளிவாசல் நிர்வாகிகள் எல்லோரும் சட்டம் படிக்கலாம். எல்லோருக்கும் முன்னால் நம் சகோதரிகள் படிக்க வேண்டும். வைத்தியராகப் போகும் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஊருக்கு ஒரு சகோதரியையாவது சட்டம் படிக்க வைக்க நம் ஜமாஅத்துகள் முன்வந்தால், காதி மன்றத்துக்குப் போகுமுன் தட்டுவதற்கு நம் பெண்களுக்கு ஒரு கதவு இருக்கும், இன்ஷா அல்லாஹ்.