திரிதலும் இரத்தலும்: ஓர் ஆங்கில வினைச்சொல்லின் உறவினர்கள்

மொழிபெயர்ப்புத் தாளுக்குரிய பயிற்சி ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது நமக்கு ஒரு சிக்கல் நேர்ந்தது. ஆங்கிலக் கதையொன்றில் வந்த 'மூச்' என்னும் பேச்சுவழக்கு வினையை ஒரு மாணவர் 'ஊர் சுற்றினான்' என்று பெயர்த்திருந்தார். மற்றொருவர் 'ஓசியில் வாங்கினான்' என்று எழுதியிருந்தார். (நம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் வகுப்பை அடக்கப் பயன்படுத்திய 'மூச்!' நினைவுக்கு வந்து சற்றே சிரித்துக்கொண்டோம். அதற்கும் இதற்கும் உறவில்லை.) அகராதியைப் புரட்டினால் இருவர் விடையும் சரியே. சும்மா இருத்தல், இலக்கின்றித் திரிதல், பிறர் பொருளில் காலம் கழித்தல் ஆகிய மூன்றும் அந்த ஒரே சொல்லில் அடங்கிக் கிடக்கின்றன. அதன் கீழே நிகர்ச்சொற்கள் என்று நின்ற லோஃப், பம், கேட்ஜ், ஸ்க்ரௌஞ்ச், ஸ்பாஞ்ச் ஆகியவற்றிலும் பல இவ்வாறே ஒன்றுக்கு மேற்பட்ட பொருளைச் சுமக்கின்றன.

நடப்பவன் எப்படி இரப்பவன் ஆனான்? இரப்பவன் எப்படிச் சோம்பேறி ஆனான்? இவ்வினாவைப் பின்தொடர்ந்தபோது அகராதியை விட்டு இங்கிலாந்தின் சட்டப் புத்தகங்களுக்குள் நாம் போக வேண்டியதாயிற்று.

1348-இல் இங்கிலாந்தை அடைந்த கொள்ளைநோய் மக்களில் பெரும்பகுதியை வாரிச் சென்றது. எஞ்சிய உழைப்பாளிகளுக்குக் கிராக்கி ஏற்பட்டது. கூலி உயர்ந்தது, அதிகக் கூலி கிடைக்கும் ஊரை நோக்கி ஆட்கள் நடக்கலாயினர். மறு ஆண்டே, 1349-இல், மூன்றாம் எட்வர்டின் ஆணை வந்தது. நோய்க்கு முந்தைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்றும், உடல் வலுவுள்ள இரவலர்க்கு எவரும் பிச்சையிடலாகாது என்றும் அது விதித்தது. 1351-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை இன்னும் இறுக்கிற்று. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டத்தின் கண்ணை உறுத்தியது சோம்பல் அன்று, நடை. நல்ல கூலி தேடி அடுத்த ஊருக்குப் போகிறவனும் வேலையே வேண்டாம் என்று திரிபவனும் சாலையில் ஒரே மாதிரிதானே தோன்றுவர்!

அடுத்த இரு நூற்றாண்டுகளில் கொடுமை முற்றிற்று. 1547-ஆம் ஆண்டுச் சட்டம், வேலையின்றித் திரிபவன் மார்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் 'வி' என்னும் எழுத்தைப் பொறித்து, அவனைக் காட்டிக் கொடுத்தவனுக்கே ஈராண்டு அடிமையாக்கச் சொன்னது. நடைமுறைக்கு ஒவ்வாமல் சில ஆண்டுகளில் அது நீக்கப்பட்டது. 1572-ஆம் ஆண்டுச் சட்டம் சாட்டையடியோடு வலக் காதைச் சுட்டுத் துளையிடவும் விதித்தது. அச்சட்டம் யார் யாரை 'வேகபாண்ட்' என்று கொண்டது என்பதுதான் இலக்கிய மாணவர்க்கு வியப்பளிப்பது. தெருவணிகர், கரடியாட்டுவோர், புரவலர் இல்லாத கூத்தர், இசைவாணர், உரிமச் சீட்டின்றி இரந்து செல்லும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் எல்லோரும் அதில் அடக்கம். ஷேக்ஸ்பியரின் குழுவினர் தம்மை ஒரு பிரபுவின் பணியாளர் என்று சொல்லிக்கொண்டதற்குப் பின்னால் இந்தச் சாட்டை இருந்தது. ஆற்றுப்படை பாடும் நம் பாணரும் பொருநரும் அந்தச் சாலையில் நடந்திருந்தால் காது தப்பியிருக்காது.

ஆங்கிலக் கொச்சைச் சொற்களின் முதல் தொகுப்புகளும் இதே காலத்தில்தான், இதே அச்சத்தில்தான் பிறந்தன. கென்ட் பகுதியைச் சேர்ந்த தாமஸ் ஹார்மன் என்னும் நிலக்கிழார், தம் வாயிலுக்கு வந்த நாடோடிகளிடம் பேச்சுக் கொடுத்துச் செய்தி திரட்டி ஒரு நூல் வெளியிட்டார். அதன் 1567-ஆம் ஆண்டுப் பதிப்பு நமக்குக் கிடைத்துள்ளது. வாயில் சவர்க்காரத்தை அதக்கி நுரை தள்ளி வலிப்பு நோயாளியாக நடிப்பவர், ஊமையாக நடிப்பவர், பித்தராக நடிப்பவர் என்று அவர் வகைவகையாகப் பிரிக்கிறார். இறுதியில் அவர்களுடைய குழூஉக்குறிச் சொற்களுக்கு ஒரு பட்டியலும் தருகிறார். நம் இலக்கணத்தார் குழூஉக்குறியைத் தகுதி வழக்கில் ஒன்றாக அமைதியாக ஏற்றுக்கொண்டனர். அங்கோ அது உளவறியும் கருவியாக அச்சேறிற்று. ஹார்மனின் கூற்றையெல்லாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆயினும் பின்வந்த கொச்சை அகராதிகள் பலவற்றுக்கு அவர் நூலே மூலமாயிற்று.

இனிச் சொற்களுக்கு வருவோம். 'மூச்' பழைய பிரெஞ்சில் ஒளிதலைக் குறித்த ஒரு வினையிலிருந்து வந்திருக்கலாம் என்பர். அயர்லாந்திலும் வேல்சிலும் பள்ளிக்கு மட்டம் போடுவதை 'மிட்ச்' என்பது இதன் உறவே என்று கருதப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே பிறரிடம் பறித்துண்ணும் பொருள் இதில் ஏறிற்று. 'ஸ்க்ரௌஞ்ச்' முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளிலிருந்து பொதுவழக்குக்கு வந்தது. துழாவிப் பொறுக்குதல் என்னும் பொருளுடைய வட்டார வழக்கு அதன் மூலம். பொறுக்குதலிலிருந்து 'பொறுக்கி' வந்த நம் வழியும் அதுவே. 'பம்' என்பதன் தாய் 'பம்மர்'. உலாவித் திரிதலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் வழியாக அமெரிக்காவுக்குச் சென்றது. ஜெர்மனியில் அது இன்றும் மெல்ல உலாவுகிற சொல்தான். ஆனால் 1864 இறுதியில் ஜெனரல் ஷெர்மன் அட்லாண்டாவிலிருந்து சவன்னா துறைமுகம் வரை சுமார் 60,000 பேரோடு நடந்தபோது, படைக்கு முன்னும் பக்கவாட்டிலும் சென்று பண்ணைகளில் பன்றியும் சோளமும் வாரிவந்த வீரர்களுக்கு அப்பெயர் நிலைத்தது. உலாவுதல் சூறையாடுதலாகச் சில ஆண்டுகளே போதுமாயிருந்தன.

நம்மை அதிக நேரம் நிறுத்தி வைத்தது 'கேட்ஜ்' என்னும் சொல். இன்று அதற்குக் கெஞ்சி வாங்குதல் என்று பொருள். ஆனால் 'கேட்ஜர்' என்பவன் பிச்சைக்காரன் அல்லன். வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் குதிரை முதுகில் கூடை கட்டி, சிற்றூர்களில் முட்டையும் வெண்ணெயும் கோழியும் வாங்கி நகருக்குக் கொண்டுபோய், நகரத்துச் சிறுபொருள்களைச் சிற்றூருக்குக் கொண்டுவந்து விற்றவன். உழைத்து நடந்த வணிகன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவன் பெயர் இரவலனைக் குறிக்கலாயிற்று.

இந்தச் சொல்லின் கதையைப் படிக்கும்போது நம் மாகாணத்தில் நடந்த ஒன்றை நினையாதிருக்க இயலவில்லை. கடற்கரை உப்பைப் பொதிமாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று, தானியம் மாற்றி வந்தவர்கள் குறவர் சமூகத்தாரில் ஒரு பிரிவினர். கும்பினி அரசின் உப்பு ஏகபோகம் 1805-இல் வந்தது. 1856-இல் இராயபுரத்திலிருந்து முதல் இரயில் ஓடியது. 1876-78 பஞ்சம் மாடுகளையும் வாடிக்கையையும் கொண்டுபோயிற்று. தொழிலை இழந்த அம்மக்கள் அரசின் ஆவணங்களில் எவ்வாறு 'குற்றப் பரம்பரை' ஆயினர் என்பதை மீனா ராதாகிருஷ்ணா 2001-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். கேட்ஜருக்குச் சொல்லளவில் நேர்ந்தது இவர்களுக்குப் பதிவேட்டில் நேர்ந்தது.

இவ்விடத்தில் 'லோஃபர்' கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊர்த் தெருச்சண்டைகளில் 'லோபர்' என்று ஒலிக்கும் அச்சொல் 1830-களில் அமெரிக்காவில் தலைகாட்டியது. 'லாண்ட்லாய்ஃபர்' என்னும் ஜெர்மன் சொல்லின் சிதைவாக இருக்கலாம் என்பர். அதைப் பிரித்தால் நிலம், ஓடுபவன் என்று வரும். 'நாடோடி'யை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தாற்போல் இல்லையா! இந்தியாவில் ஆங்கிலேயர் இச்சொல்லால் முதலில் சுட்டியது நம்மவரை அல்ல, தம்மவரையே. படையிலிருந்து விலக்கப்பட்டவர், கப்பலை விட்டு இறங்கிய மாலுமி, இரயில் பாதை முடிந்ததும் வேலையிழந்தவர், ஆஸ்திரேலியக் குதிரைகளோடு வந்து திரும்பாதவர் எனப் பல வெள்ளையர் கடைத்தெருக்களில் திரிந்தனர். கிப்ளிங் 1888-இல் எழுதிய 'அரசனாக விரும்பிய மனிதன்' கதையின் இரு நாயகர்களும் இவ்வகையினரே. ஆளும் இனத்தான் ஒருவன் சுதேசியிடம் கையேந்தி நிற்பது ஆட்சியாளர்க்குப் பொறுக்கவில்லை. 1869-இல் ஐரோப்பிய நாடோடிகள் சட்டம் இயற்றினர், 1874-இல் அதைத் திருத்தி விரிவாக்கினர். பிடிபட்ட வெள்ளையனைப் பணிவிடுதியில் தங்கவைத்து உணவளித்து வேலை தேடித் தருவார்கள். வேலை கிடைக்காவிடில் அரசுச் செலவில் கப்பலேற்றித் தாய்நாட்டுக்கு அனுப்பலாம்.

முதற்சட்டத்துக்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1871-இல், குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. முதலில் வட இந்தியப் பகுதிகளுக்கு, 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும். பதிவு செய்யப்பட்ட சமூகத்தில் பிறந்தவன் காவல் நிலையத்தில் வருகை சொல்ல வேண்டும், கைரேகை வைக்க வேண்டும், ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். திரிந்த வெள்ளையனுக்குக் கப்பல் சீட்டு, திரிந்த சுதேசிக்கு நடமாட்டச் சீட்டு. ஒருவனுக்குத் திரிதல் வந்து சேர்ந்த இழிநிலை, மற்றவனுக்குப் பிறவிக் குணம்! சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31-ஆம் நாளிலும் அச்சட்டம் நீங்கிற்று. 'சீர்மரபினர்' என்னும் புதுப்பெயர் வந்தது. பழம்பெயர் மட்டும் சில வாய்களில் இன்னும் ஓயவில்லை. இங்கிலாந்திலோ, நெப்போலியப் போர்களிலிருந்து திரும்பிய வீரர்கள் தெருவில் உறங்கிய காலத்தில் 1824-இல் எழுந்த நாடோடிகள் சட்டத்தை நீக்க 2022-இல்தான் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது.

நிகர்ச்சொல் அகராதியில் இவை எல்லாம் ஒரே வரியில், காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு, அமைதியாக நிற்கின்றன. ஜெர்மன் உலாவலும் ஸ்காட்லாந்து முட்டை வணிகனும் அருகருகே நிற்பதை மாணவர்களிடம் சொல்ல ஒரு பாடவேளை போதவில்லை.

நம் மொழியிலும் 'பரதேசி' ஒரு காலத்தில் வேற்று நாட்டிலிருந்து வந்தவன் மட்டுமே. அவனைப் பிச்சைக்காரனாக்க நமக்கு எந்த எட்வர்டும் தேவைப்படவில்லை. அதைத் தனியே எழுத வேண்டும். இப்போதைக்கு, பயிற்சித் தாளில் இருவருக்கும் முழு மதிப்பெண் இட்டோம். முதல் மாணவர் விடாமல் வந்து, "ஐயா, 'ஓசியில் திரிந்தான்' என்று போட்டால் இரண்டும் வந்துவிடுமே?" என்றார். வந்துவிடும். அது நமக்குத் தோன்றவில்லை.