"யார்ட்டயும் சொல்லிராதீங்க சார்"

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் என்னுடைய பழைய மாணவன் ஒருவன் மனைவியோடு வீட்டுக்கு வந்திருந்தான். கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தைக்காக மதுரைக்குப் போகிறார்களாம். டெஸ்ட் டியூப் பேபி சிகிச்சை. கிளம்பும்போது வாசலில் நின்று, "யார்ட்டயும் சொல்லிராதீங்க சார், அம்மாவுக்கே தெரியாது" என்றான். உட்காரவைத்து ஒரு கதை சொல்லி அனுப்பினேன். சரித்திர வாத்தியாருக்கு வேறு என்ன தெரியும்? பெயர் போடாமல் எழுத அவனிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

1978 ஜூலை 25. இங்கிலாந்தில் ஓல்டாம் நகரத்து மருத்துவமனையில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். தாயின் உடலுக்கு வெளியே கருவாகிப் பிறந்த உலகின் முதல் குழந்தை. பெயர்தான் டெஸ்ட் டியூப். உண்மையில் அது கண்ணாடித் தட்டு. ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி என்ற மூவரின் பல வருட உழைப்பு அது.

சரியாக 70 நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று, நம் கல்கத்தாவில் இரண்டாவது குழந்தை பிறந்தது. துர்கா பூஜை சமயம் என்பதால் துர்கா என்றே அழைத்தார்கள். காரணமானவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. கல்கத்தாவிலும் எடின்பரோவிலுமாக இரண்டு முனைவர் பட்டம் வாங்கியவர்.

இங்கிலாந்துக்காரர்கள் இயற்கையாக முதிர்ந்த ஒரே ஒரு முட்டையை எடுத்தார்கள். முகர்ஜி ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை முதிர வைத்தார். உருவான கருவை 53 நாள் உறைய வைத்து, கருப்பை தயாராக இருந்த வேறொரு மாதத்தில் உள்ளே வைத்தார். இன்று எந்த மையத்துக்குப் போனாலும் ஊசியும் உறைந்த கருவும் அன்றாட விஷயம். உறைய வைத்த கருவிலிருந்து பிறந்ததாக உலகம் ஒப்புக்கொண்ட முதல் குழந்தை 1984-ல் ஆஸ்திரேலியாவில்தான். ஆறு வருடம் முந்திவிட்டார் மனுஷன்.

ஆனால் நடந்தது என்ன? மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. அதில் இந்தத் துறையில் வேலை செய்தவர் ஒருவர்கூட இல்லை. "நம்ப முடியாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகம் பேச அழைத்தது. போக அனுமதி இல்லை. கடைசியில் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19 அன்று அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது ஐம்பது.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. சாட்சி உயிரோடு தொட்டிலில் கிடந்தது. பெற்றோர் வெளியே வரவில்லை. ஊர் என்ன சொல்லும், பிள்ளையை எப்படிப் பார்க்கும் என்ற பயம். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை.

எங்களுக்கு 1987-ல் கல்யாணம். நாலு வருடம் சிகிச்சை முழுக்க என் மனைவிக்குத்தான். கருக்குழாய் எக்ஸ்ரே, மயக்க ஊசி, மாத்திரை. செவ்வாய்க்கிழமைதோறும் உவரி அந்தோணியார் கோயில். சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில் அவளைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். ஐந்தாம் வருடம் ஒரு டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "சார், நீங்க டெஸ்ட் எடுத்தாச்சா?" என்றார். அதுவரை ஒருவரும் கேட்கவில்லை, நானும் முன்வரவில்லை. ஒரு சின்ன டப்பா, அரை நாள் வேலை. குறை என்னிடம்தான். உயிரணுக்கள் மிகக் குறைவு.

வீட்டுக்கு வந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. என் அம்மா அவளைத் திட்டும்போதும் வாயைத் திறக்கவில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மா உண்மை தெரியாமலே கண்ணை மூடினார்.

தென்னிந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தையை 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் சாதித்திருந்தார். என்னைப் போன்றவர்களுக்கு வழி 1992-ல் பிறந்தது. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள், ஒரே ஓர் உயிரணுவை மெல்லிய ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறையில் குழந்தை பிறந்ததை அறிவித்தார்கள். சில வருடம் கழித்து நாங்களும் சென்னைக்குப் போனோம். பி.எஃப். கடன், அவள் தாலிக்கொடி தவிர மற்ற நகை. வீட்டில் "டிரெயினிங்" என்று சொன்னேன். திருச்சபை இந்த முறையை ஏற்கவில்லை என்பதும் வாயை அடைத்தது. இரண்டு முறையும் பதினாலாம் நாள் ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்பி வரும்போது அவள் சேலைத்தலைப்பால் முகத்தை மூடி இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாள். எதிர் இருக்கைக்காரர் பல்வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கல்கத்தா கதைக்கு ஒரு முடிவு உண்டு. 1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பையில் பிறந்த ஹர்ஷாதான் இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை என்று எல்லோரும் படித்தோம். டாக்டர் இந்திரா ஹிந்துஜாவோடு அதைச் சாதித்தவர் விஞ்ஞானி டி.சி. ஆனந்த்குமார். 1997-ல் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகள் அவர் கைக்கு வந்தன. படித்துவிட்டு, "முதலில் செய்தவர் முகர்ஜிதான்" என்று கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார். தன் தலையில் இருந்த கிரீடத்தைத் தானே கழற்றி, இறந்துபோனவருக்கு வைத்தார். துர்காவும் தன் 25-ஆம் பிறந்தநாளில், கனுப்ரியா அகர்வால் என்ற தன் பெயரோடு ஊரறிய வந்து நின்றார்.

மாணவனிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கோயிலுக்குப் போங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் தம்பிமாரே, முதல் மாதமே உங்கள் பரிசோதனையை எடுத்துவிடுங்கள். 2021 சட்டப்படி பதிவு பெற்ற மையமா என்று கேட்டுப் போங்கள். பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது வரைதான் அனுமதி. வீட்டில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். மாமியார்மாரே, மருமகளைக் கேட்பதற்கு முன் மகனைக் கேளுங்கள்.

இதைப் போடலாமா என்று மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அத்தை இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

ஆமாம். சொல்லியிருக்கலாம்.