வார்ப்பு இரும்பில் இருக்கிற தேதி

இந்த வாரம் எங்களுக்கு ராத்திரி முறை கரண்ட். த்ரீ பேஸ் வர்ற வரைக்கும் கிணத்து மேட்டுல உட்கார்ந்து போன்ல பழைய கார்களைப் பிரிச்சு வேலை பார்க்கிற வீடியோ பார்ப்பேன். அதுல ஒரு அமெரிக்கர் கார்வெட் கார் எஞ்சினுக்குப் பின்னால டார்ச் அடிச்சு, இரும்புல புடைச்சிருந்த ஒரு எழுத்தையும் சில எண்களையும் படிச்சார். எனக்குத் தூக்கம் போயிடுச்சு. ஏன்னா அந்த மாதிரி தேதித் தகட்டை மாத்துறதுதான் என் முதல் வேலை.

பத்தாவது முடிச்சதும் கோயமுத்தூர்ல ஒரு பவுண்டரியில மூணு வருஷம் இருந்தேன். பம்ப் பாகங்கள் வார்ப்போம். பேட்டர்ன்ல ஒரு சின்னத் தகடு ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கும். அதுல இருக்கிற தேதி மண்ணுல குழியா பதியும், உருக்கின இரும்பு அதுல பாய்ஞ்சு பொருள்மேல மேடா வரும். தினமும் காலையில வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால தகட்டை மாத்தணும்.

அமெரிக்காவில் செவர்லே கம்பெனி 1955-ல் தன் சிறிய வி8 எஞ்சினைக் கொண்டுவந்தது. அந்த எஞ்சின் பிளாக்கை மிச்சிகன் மாநிலம் சாகினாவில் வார்த்தார்கள். ஃப்ளின்ட் நகரில் கடைந்து எஞ்சினாகச் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் கார்வெட் காருக்கான எஞ்சின் அங்கிருந்து மிசௌரியில் இருந்த செயின்ட் லூயிஸ் தொழிற்சாலைக்குப் போனது. ஆக, ஒரு எஞ்சினுக்கு மூணு ஊர், மூணு தேதி.

வார்ப்புத் தேதி பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில் இருக்கும். 'சி 15 7' என்றால் மார்ச் 15, 1967. ஏ ஜனவரி, பி பிப்ரவரி, அப்படியே எல் டிசம்பர். ஃபோர்டு கம்பெனி இதையே வேற வரிசையில் எழுதியது. வருஷம் முதலில், பிறகு மாதம், நாள். '4சி15' என்றால் 1964 மார்ச் 15. ஐ என்ற எழுத்து ஒன்று மாதிரி தெரியும் என்பதால் ஃபோர்டு அதை விட்டுவிட்டது. அதனால் அங்கே டிசம்பர் எம்.

எஞ்சினாகச் சேர்த்த தேதி முன்பக்கம், கடைந்த சமதளத்தில் உளியால் அடித்தது. 'வி0320' என்றால் ஃப்ளின்டில் மார்ச் 20. கடைசியாக கார் கட்டிய தேதி. சரிபார்க்கிற கணக்கு ரொம்ப எளிமை: வார்ப்பு முதலில், எஞ்சின் அடுத்து, கார் கடைசி. இடைவெளி சில நாளோ சில மாதமோ இருக்கலாம். ஆனால் ஏப்ரலில் கட்டிய காரில் ஜூனில் வார்த்த பிளாக் இருந்தால் அது பிறகு மாத்தினதுதான். கன்னுக்குட்டி தாய்க்கு முன்னால பிறக்காது இல்லையா?

இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்னு கேட்கலாம். 1967-ல் எல்88 என்ற எஞ்சினோடு வந்த கார்வெட் மொத்தம் 20 தான். அப்படி ஒரு கார் இன்றைக்கு பத்து லட்சம் டாலருக்கு மேல் விலை போகும். பணம் இருக்கிற இடத்தில் போலியும் வரும். முன்பக்கம் அடித்த எண்ணை அரைத்து எடுத்துவிட்டு வேற எண் அடித்துவிடுவார்கள். அதுக்கு ஒரு மெஷினும் எண் உளியும் போதும். ஆனால் வார்ப்பில் மேடாக வந்த தேதியை மாத்துவது சுலபமில்லை. அரைத்துவிட்டு புது எண்ணை ஒட்டுகிறவர்களும் உண்டு. ஆனாலும் மண்ணு விட்டுப்போன சொரசொரப்பு திரும்ப வராது. பவுண்டரியில இருந்தவன் விரலால தடவினாலே தெரியும்.

வார்ப்பு எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. 3970010 என்ற எண் 1970-களில் பல வருஷம் லட்சக்கணக்கான பிளாக்குகளில் வந்தது. சாதா காரிலும் அதே எண்தான். வருஷத்துக்கும் ஒரே இலக்கம் என்பதால் '9' என்றால் 1969-ஆகவும் இருக்கலாம், 1979-ஆகவும் இருக்கலாம். அதனால் சிலிண்டர் ஹெட், மேனிஃபோல்டு, வாட்டர் பம்ப் என்று எல்லாத்தோட தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒன்று பொய் சொன்னாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

இப்ப என் கதை. ஒரு நாள் நான் தகட்டை மாத்த மறந்துட்டேன். சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. யார்கிட்டயும் சொல்லலை. ஒரு வாரம் கழிச்சு, நாங்க வார்த்ததுல உள்ளே காத்துக் குழி இருக்குன்னு பொருள் திரும்பி வந்தது. முதல் நாள் போட்டதுல மட்டும்தான் கோளாறு. தேதி சரியா இருந்திருந்தா அதை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கலாம். ரெண்டு நாளுக்கும் ஒரே தேதி. நல்லதையும் சேர்த்து உடைச்சு திரும்ப உலையில போட்டாங்க. மோல்டிங் அண்ணன் ஒருத்தர் மேல பழி விழுந்து அவருக்கு ரெண்டு நாள் கூலி போச்சு. நான் அப்பவும் வாயைத் திறக்கலை.

பவுண்டரியில தேதி போடறது அழகுக்கு இல்லை, பின்னால விலை ஏறும்னும் இல்லை. எந்த நாள் வேலை தப்பாப் போச்சுன்னு கண்டுபிடிக்கத்தான். தப்பைப் பிடிக்கப் போட்ட அந்த எழுத்துதான் இன்னைக்கு ஒரு கார் அசலா இல்லையான்னு சாட்சி சொல்லுது. சாகினாவுல தினமும் காலையில மறக்காம தகடு மாத்தின யாரோ ஒருத்தரோட ஒழுங்கை நம்பித்தான் இத்தனை பணம் கை மாறுது.

அந்த அண்ணன் இப்ப இல்லை. அவர்கிட்ட சொல்ல முடியாமப் போனதை இங்க எழுதிட்டேன். கரண்ட் வந்துடுச்சு, மோட்டார் போடணும். வர்றேன்.